அடிக்குறிப்பில் ஒரு பெயர்

பாளையங்கோட்டையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்திலேயே எனக்குப் பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். 'யார் சொன்னது மேடம்.' முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள். சைக்கிள் ஸ்டாண்டைத் தாண்டி நான் போகும்போது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் "யார் சொன்னது?" என்று கேட்கும், இன்னொரு குரல் "மேடம் சொன்னது" என்று பதில் சொல்லும். குற்றம் என்னுடையதுதான். யார் கட்டுரை எழுதிக்கொண்டு வந்தாலும் ஓரத்தில் சிவப்பு மையில் 'யார் சொன்னது?' என்று எழுதித் திருப்பிக் கொடுப்பேன். ஒரே பக்கத்தில் ஏழெட்டு இடத்தில்கூட எழுதியிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எங்கள் தமிழ்த் துறையில் ஒரு இரும்பு பீரோ இருந்தது. பழைய எம்.ஃபில். ஆய்வேடுகளைக் கறுப்பும் மெரூனுமாக அட்டை போட்டு அதற்குள் அடுக்கியிருப்பார்கள். புதிதாகச் சேருகிறவர்கள் முதலில் நூலகத்துக்குப் போவதில்லை. பீரோ சாவி யாரிடம் இருக்கிறது என்றுதான் விசாரிப்பார்கள். ஊர்ப் பெயரையும் நன்றியுரையையும் மாற்றிவிட்டு மற்றதை அப்படியே இறக்கிவிடுவார்கள். ஒரே ஊரைப் பற்றி மூன்று வருடத்தில் மூன்று ஆய்வேடுகள் வந்திருந்தன. மூன்றிலும் ஆற்றுப் பாலம் 'சென்ற ஆண்டு கட்டி முடிக்கப்பட்டது'. நான் மூன்றையும் துறைத்தலைவர் மேசையில் விரித்து வைத்தேன். அவர் வாசித்துப் பார்த்துச் சிரித்துவிட்டு, பாலம் நிற்கிறதல்லவா, பிறகென்ன என்றார்.

இந்த விஷயத்தில் எனக்கு இவ்வளவு கோபம் வருவதற்கு ஒரு காரணம் உண்டு. எம்.ஏ. முதல் வருடத்தில் நானே ஒரு நோட்ஸிலிருந்து பன்னிரண்டு பக்கம் பார்த்து எழுதிக் கொடுத்திருக்கிறேன். வகுப்பிலேயே அதற்குத்தான் அதிக மதிப்பெண். எல்லோர் முன்னாலும் வாசிக்கச் சொன்னார்கள். வாசிக்க வாசிக்க, இதை எழுதின மனிதர் எங்கேயோ இருக்கிறார், இந்தக் கைதட்டல் அவருக்குப் போக வேண்டியது என்ற நினைப்பு வந்துவிட்டது. திருந்தினவர்களுக்குக் கண்டிப்பு அதிகம். பீடியை விட்ட ஆள் பக்கத்தில் போய்ப் பீடி பற்றவைத்துப் பாருங்கள், தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் என்னிடம் பகுதி நேர எம்.ஃபில். செய்ய ஒரு டீச்சர் வந்து சேர்ந்தார். ஆழ்வார்குறிச்சியில் பள்ளிக்கூடத் தமிழாசிரியை. அவருக்கு வயது நாற்பத்தைந்து, எனக்கு முப்பது முடியவில்லை. அவர் என்னை மேடம் என்பார், நான் அவரை டீச்சர் என்பேன். யார் முதலில் உட்காருவது என்பதிலேயே எங்களுக்கு ஐந்து நிமிடம் போய்விடும். சனிக்கிழமைதோறும் அம்பாசமுத்திரத்தில் பஸ் மாறி வருவார். வழி முழுக்க நின்றுகொண்டே வந்தாலும் புடவை மடிப்புக் கலைந்திருக்காது. தாள்களும் கண்ணாடிக்கூடும் வைத்த ரெக்சின் பைக்குள் எனக்கென்று ஒரு சின்ன டப்பா இருக்கும். ஒரு வாரம் கூழ்வற்றல், ஒரு வாரம் நார்த்தங்காய். நெறியாளருக்கு இதெல்லாம் கொண்டுவரக் கூடாது என்று ஒவ்வொரு வாரமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, டப்பாவைக் கழுவித் திருப்பிக் கொடுப்பேன்.

கண்டிப்பில் அவரும் எனக்குக் குறைந்தவர் இல்லை. அவரிடம் பள்ளியில் படித்த ஒரு பெண் எங்கள் கல்லூரியில் இருந்தாள். பரீட்சையில் பக்கத்தில் பார்த்து எழுதினதற்காக டீச்சர் தன்னை மூன்று நாள் பெஞ்சு மேல் நிறுத்தினார் என்று சொன்னாள். அதைக் கேட்டதிலிருந்து டீச்சர் மேல் எனக்குத் தனிப் பிரியம் வந்துவிட்டது. நம் ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் எடுத்துக்கொண்ட தலைப்பு, தாமிரபரணிக் கால்வாய்களில் தண்ணீர் பங்கிடும் வழக்கங்கள். கார், பிசானம் என்ற இரண்டு நெல் பருவங்களிலும் யார் வயலுக்கு முதலில் தண்ணீர், கால்வாய் முடிகிற கடைமடைக்காரர்களுக்கு எப்போது, தகராறு வந்தால் யார் பேசி முடிப்பது என்று எங்கேயும் எழுதி வைக்காத சட்டங்கள். முதல் இரண்டு இயல்களையும் ஒழுங்காக அடிக்குறிப்புப் போட்டு எழுதிக்கொண்டு வந்தார். அவற்றை வாசித்தபோது எனக்கு இரண்டு தடவை கொட்டாவி வந்தது. மூன்றாவது இயலில் நடையே மாறியது. மதகைத் திறந்ததும் வரும் முதல் தண்ணீரில் நுரை எந்த நிறத்தில் இருந்தால் மலையில் எங்கே மழை என்று கால்வாய்க்காரர்கள் கண்டுபிடிப்பதைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது. நான்காவது இயல் அதைவிட நன்றாக இருந்தது. கால்வாயை மராமத்துக்காக அடைக்கும் மாதத்தில் கடைமடை ஊர்ப் பெண்கள் மணலில் ஊற்றுத் தோண்டுவதைப் பற்றியது. அந்த ஊற்றில் முதல் குடம் அந்த மாதம் பிள்ளை பெற்றவள் வீட்டுக்கு. அவள் எந்தத் தெருவாக இருந்தாலும் சரி, எவரோடு பேச்சுவார்த்தை இல்லாதவளாக இருந்தாலும் சரி.

வாசித்துவிட்டு எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. டீச்சர், இதைப் புத்தகமாகவே போடலாம் என்றேன். அவர் ஒரு மாதிரி சிரித்தார். போட்டாயிற்று என்று அப்போதே சொல்லியிருந்தால் இத்தனை பாடு வந்திருக்காது.

அடுத்த வாரம் கல்லூரி நூலகத்துக்கு யாரோ நன்கொடையாகக் கொடுத்த புத்தகக் கட்டு ஒன்றைப் பிரித்தார்கள். அதற்குள் நூறு பக்கம்கூட இல்லாத ஒரு சின்ன நூல் கிடந்தது. இருபது வருடத்துக்கு முன் அம்பாசமுத்திரத்தில் அச்சடித்தது. எழுதியவர் ஒரு கால்வாய் ஓவர்சீயர் என்று முன்னுரையில் இருந்தது. புரட்டினேன். நுரையின் நிறம் இருந்தது. மணல் ஊற்று இருந்தது. முதல் குடம் இருந்தது. வரிக்கு வரி, கமாவுக்குக் கமா. டீச்சரின் ஆய்வேட்டில் அந்த ஓவர்சீயரின் பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை. நூலகத்தில் அந்த அலமாரிப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். முதலில் அழுகைதான் வந்தது, கோபம் பிறகுதான் வந்தது. பீரோ சாவி கேட்கிற பிள்ளைகள் செய்தால் திட்டிவிட்டுப் போய்விடலாம். இவர் செய்தால் என்ன செய்வது?

சனிக்கிழமை அவர் வந்து உட்காருவதற்கு முன்பே புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தேன். இது என்ன டீச்சர் என்று கேட்டேன். அவர் முகத்தில் நான் எதிர்பார்த்த அதிர்ச்சி இல்லை. பஸ் ஸ்டாண்டில் சொந்தக்காரரைப் பார்த்தது போல மலர்ந்தார். இது உங்களுக்கு எங்கே கிடைத்தது, எங்கள் வீட்டிலேயே ஒன்றுதான் மிச்சம், அதுவும் செல்லரித்தது என்று கையில் எடுத்துத் தடவிப் பார்த்தார். எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. இவர் கால்கடுக்க நடந்து எழுதியதை உங்கள் பெயரில் எழுதியிருக்கிறீர்களே, இந்த மனிதர் இப்போது இருந்தால் என்ன நினைப்பார் என்று குரலை உயர்த்தினேன்.

"நல்லா இருக்காக மேடம். இப்ப எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சிட்டு வீட்டுல உக்காந்திருப்பாக."

"யார்?"

"அவுகதான்."

"எவுக?" என்றேன். கோபம் வந்தால் நான் படித்த தமிழெல்லாம் போய் ஊர்த்தமிழ் வந்துவிடும்.

"எங்க வீட்டுல அவுக," என்று சொல்லிவிட்டு டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். காது மடல் சிவந்திருந்தது.

எனக்கு எப்படித் தெரியும்? கல்யாணத்துக்கு முன்னால் வாங்கின சான்றிதழில் இருக்கிற தகப்பனார் இனிஷியலைத்தான் அவர் கடைசிவரை வைத்திருந்தார். வீட்டுக்காரர் ஓவர்சீயர் என்று சொல்லியிருக்கிறார், பெயரைச் சொன்னதே இல்லை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவ்வளவுதானே, ஒவ்வொரு இடத்திலும் அவர் சொற்களை மேற்கோள் குறிக்குள் போட்டு, கீழே பெயரையும் பக்கத்தையும் எழுதிவிட்டால் தீர்ந்தது என்று பேனாவை நீட்டினேன். டீச்சர் வாங்கவில்லை.

அப்போதுதான் விஷயம் விளங்கியது. கல்யாணமாகி இருபத்துநான்கு வருடத்தில் அவர் கணவர் பெயரை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை, எழுதினதும் இல்லை. ரேஷன் கார்டுக்கு மைத்துனர் எழுதினார். பள்ளிக்கூடப் பதிவேட்டில் தலைமையாசிரியர் எழுதிக்கொண்டார். மகனைப் பள்ளியில் சேர்க்கும்போது அந்த இடத்தை மட்டும் காலியாக விட்டு விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். கணவருக்கு ஒரு சாமியின் பெயர். அந்தச் சாமியைக்கூட டீச்சர் 'மேலக்கோயில் சாமி' என்றுதான் சொல்வார். நான் என் கணவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவள். அதற்காக என் மாமியார் ஆறு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆகையால் இந்த வழக்கத்தின் மேல் எனக்கு மரியாதை கொஞ்சமும் இல்லை. அதை அப்படியே சொல்லவும் செய்தேன்.

டீச்சர் கோபப்படவில்லை. நீங்கள் மெட்ராஸில் படித்தவர்கள் என்றார். பிறகு தன் பக்கத்து நியாயங்களை வகுப்பில் பாடம் நடத்துவது போல ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். அவர் எழுதினது என்பது ஆழ்வார்குறிச்சிக்கே தெரியும், தனியாக வேறு சொல்ல வேண்டுமா? எங்கள் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இறைக்க நான் யாரைக் கேட்க வேண்டும்? கடைசியாக இன்னொன்று சொன்னார். அடிக்குறிப்பில் நீங்கள் பெயரை மொட்டையாகப் போடச் சொல்லுகிறீர்கள், 'திரு' கிடையாது, 'அவர்கள்' கிடையாது. பெரிய மனிதரைத் தெருவில் விளையாடுகிற பிள்ளையைக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டு, வருடத்தையும் பக்கத்தில் ஒட்டிவிட்டால் அது மரியாதையா மேடம்?

வழி தேடினோம். 'நூலாசிரியர்' என்று போடலாமா என்றார். எந்த நூல், எந்த ஆசிரியர் என்றேன். பத்திரத்தில் எழுதுவது போல 'மேற்படியார்' என்று? மேலே யார் என்று எழுதாமல் மேற்படியார் எப்படி வருவார்? 'ஆய்வாளரின் கணவர்' என்றார். வாசிக்கிறவர் நூலகத்தில் போய் ஆய்வாளரின் கணவர் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்களா என்று கேட்டேன். டைப் அடிக்கிறவரிடம் நானே பெயரைச் சொல்லிவிடட்டுமா என்றும் கேட்டேன். டீச்சரே வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார். வாய்மொழித் தேர்வில் வெளியூர்ப் பேராசிரியர் நேரிலே கேட்பாரே, அப்போது முழித்துக்கொண்டு நின்றால் திருடியது என்றுதானே நினைப்பார் என்றார். அவர் சொன்னது சரிதான்.

அந்த இடத்தில் நான் பொறுமையாக இருந்திருக்கலாம். இருக்கவில்லை. ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் நெறியாளர் கையெழுத்துப் போடும் சான்றிதழ் ஒன்று உண்டு. இதில் உள்ளவை ஆய்வாளரின் சொந்த உழைப்பு, பிறருடையது என்றால் அவர் பெயர் சொல்லப்பட்டிருக்கிறது என்பது அதன் சாரம். பெயர் இல்லாமல் அதில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

"அப்ப எனக்கு எம்.ஃபில். வேண்டாம் மேடம்," என்றார் டீச்சர். சாதாரணமாகத்தான் சொன்னார். தாள்களை அடுக்கிப் பையில் வைத்துக்கொண்டு, டப்பாவை மட்டும் மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

அந்தப் பருவம் முடிவதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் அவர் பதிவு ரத்தாகிவிடும். ஏற்கெனவே ஒரு தடவை நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது, இனிக் கிடையாது. மூன்று வருடச் சனிக்கிழமைகள் வீணாகப் போகும். அதுகூடப் பெரிதில்லை. பார்த்து எழுதினதால் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்களாம் என்று ஒரு வார்த்தை ஆழ்வார்குறிச்சிக்குப் போனால், பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றுகிற டீச்சர் எப்படி வகுப்புக்குள் நுழைவார்? இதெல்லாம் அவர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. எனக்கு அவரைத் தேடியது. பதினோரு மணிக்கு வராண்டாவில் செருப்புச் சத்தம் கேட்டால் எட்டிப் பார்ப்பேன். நான் செய்தது சரியா என்று கேட்டால், சரிதான் என்று இன்றைக்கும் சொல்வேன். சரியானதைச் செய்துவிட்டு நிம்மதியில்லாமல் இருந்தேன் என்பதும் உண்மை.

மூன்றாவது சனிக்கிழமை டீச்சருக்குப் பதிலாக, மடக்குக் குடையும் மஞ்சள் பையுமாக உயரமான ஒருவர் வந்து வாசலில் நின்றார். வேட்டியை அளவெடுத்துக் கட்டியிருந்தார். உள்ளே வரும்போது தரையின் வாட்டம் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டே வந்த மாதிரி இருந்தது. கால்வாய் ஓவர்சீயர்கள் அப்படித்தான் நடப்பார்கள் போலிருக்கிறது. மேசை மேல் கிடந்த நூலைக் காட்டி, அந்தப் புத்தகத்தை எழுதின ஆள் தான்தான் என்றார். நான் எழுந்து நின்றேன். அவரும் உட்காராமல் நின்றார். வழக்கம்போல ஐந்து நிமிடம் போனது.

"அவ மூணு வாரமா எங்கிட்டச் சரியாப் பேசல மேடம். என்னன்னு கேட்டா, மேடம் கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டாக, எல்லாம் உங்களாலதான்னு சொல்லுதா. நான் என்ன செஞ்சேன்னு கேட்டா, பேரு வச்சிருக்கீகளே, அதான்னு சொல்லுதா," என்றார்.

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். ஆனால் அவர் அதற்காக மட்டும் வரவில்லை. மனைவியின் ஆய்வேட்டை முதல் தடவையாக உட்கார்ந்து முழுக்க வாசித்திருக்கிறார். வாசித்ததிலிருந்து ஒரு சங்கடம். புத்தகத்தைத் திறந்து ஐந்தாம் பகுதியை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். டீச்சரின் நான்காவது இயலாக வந்த அதே மணல் ஊற்றும் முதல் குடமும்.

"இது எனக்குத் தெரியாத விஷயம் மேடம். பொம்பளைக தண்ணி எடுக்கிற இடத்துல ஓவர்சீயருக்கு என்ன சோலி? அவ பொறந்த ஊரு கடைமடை. கல்யாணமான புதுசுல அவ ஒவ்வொண்ணாச் சொன்னா, நான் எழுதிக்கிட்டேன்."

ஏன் அவர் பெயரைப் போடவில்லை என்று கேட்டேன். குரலை அடக்கித்தான் கேட்டேன். வீட்டுப் பெண் பெயரை அச்சில் போடுகிற வழக்கம் அப்போது இல்லை என்று ஆரம்பித்தவர், தானே நிறுத்திக்கொண்டார். உண்மையைச் சொன்னால், போட வேண்டும் என்று தோன்றவே இல்லை, வீட்டில் உள்ளதுதானே என்று இருந்துவிட்டேன் என்றார். கிணற்றைச் சொல்லவில்லையே தவிர, டீச்சர் என்னிடம் சொன்ன அதே நியாயம். இருபது வருடமாக ஒரே வீட்டுக்குள் ஒருவர் சொல்லை ஒருவர் கேட்காமல் எடுத்துக்கொண்டு இரண்டு பேருமே சந்தோஷமாக இருந்திருக்கிறார்கள். வெளியிலிருந்து போனவள் நான்தான்.

ஆனால் எனக்கு முகம் சுட்டது. ஒரு ஆண் ஓவர்சீயருக்குப் பெண்களின் ஊற்று முறை எப்படித் தெரியும் என்று கேட்டிருக்க வேண்டியவள் நான். 'யார் சொன்னது?' என்று ஊரெல்லாம் கேட்டவள், கேட்க வேண்டிய அந்த ஒரு இடத்தில் கேட்கவில்லை. கையெழுத்துக்காக மல்லுக்கு நின்று, அந்தப் பெண் தானே சொன்ன சொல்லுக்குக் கணவர் பெயரைப் போட வைக்கப் பார்த்திருக்கிறேன். நீங்களும் பெயர் போடாமல் எழுதினவர்தான் என்று அவரிடம் சொன்னேன். எனக்கும் சேர்த்துத்தான் சொல்லிக்கொண்டேன். ஆமாம், வாஸ்தவம்தான் என்று ஒப்புக்கொண்டார்.

இதை எழுதிக் கொடுங்கள் என்றேன். வெள்ளைத்தாள் வாங்கிக்கொண்டு, மதகுக் கணக்கு எழுதிப் பழகிய சாய்ந்த கையெழுத்தில் எழுத ஆரம்பித்தார். ஐந்தாம் பகுதியில் உள்ள செய்திகள் யாவும் என் மனைவி சொல்லக் கேட்டு நான் எழுதியவை என்று வந்து, பெயர் எழுத வேண்டிய இடத்தில் பேனாவை நிறுத்தினார். கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு அவரும் அந்தப் பெயரை எழுதியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். பைய நிமிர்ந்து, இனிஷியல் என்னுடையதா, அவ அப்பாவுடையதா என்று என்னிடம் கேட்டார். அவர் எதை வைத்திருக்கிறாரோ அதை என்றேன். மாமனார் இனிஷியலைப் போட்டுப் பெயரை எழுதினார்.

அடுத்த சனிக்கிழமை பதினோரு மணிக்கு டீச்சர் வந்தார். நான் எதுவும் கேட்பதற்கு முன் தாள்களை எடுத்து வைத்தார். கணவரின் சொற்கள் வந்த இடமெல்லாம் மேற்கோள் குறி போட்டிருந்தது, சில பத்திகளைத் தன் சொந்த நடையில் மாற்றி எழுதியிருந்தார். ஒவ்வொன்றின் கீழும் பெயர், வருடம், பக்கம். முதல் அடிக்குறிப்பில் பெயர் பென்சிலில் எறும்பு ஊர்ந்தது போல இருந்தது. போகப் போகப் பேனாவுக்கு வந்து, கடைசிப் பக்கங்களில் கரும்பலகையில் எழுதும் எழுத்தாகவே ஆகியிருந்தது. எப்படி டீச்சர் என்றேன்.

"மொதல்ல கை ஓடல மேடம். பத்துத் தடவை எழுதினதுக்கு அப்புறம், பேரு நல்லாத்தானே இருக்குன்னு தோணிட்டு."

நான்காவது இயலுக்கு மட்டும் அடிக்குறிப்பு எதுவும் போடாமல் விட்டிருந்தார். கணவர் என்ன எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று அவருக்குத் தெரியாது. எடுத்துக் காட்டினேன். நின்றபடியே வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை வாசித்தார். இனிஷியல் சரியாகப் போட்டிருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னார். நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து அந்த அடிக்குறிப்பை எழுதினோம். இவை ஆய்வாளர் தம் பிறந்த ஊரில் நேரில் கண்டவை, முன்பு அச்சான நூலில் ஆய்வாளர் பெயரின்றி வந்துள்ளன, நூலாசிரியரின் கடிதம் பின்னிணைப்பில் உள்ளது. அன்றைக்கே சான்றிதழில் கையெழுத்துப் போட்டேன்.

வாய்மொழித் தேர்வு நடந்த அன்று இரண்டு பேரும் சேர்ந்து வந்தார்கள். ஓவர்சீயரை உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். மாட்டேன் என்று வராண்டா பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். அன்று நாலைந்து பேருக்குத் தேர்வு. துறை அலுவலர் வாசலில் நின்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். டீச்சர் முறை வந்தது. வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் ஆய்வேட்டைக் கவனமாகவே வாசித்திருந்தார். ஒரே நூலிலிருந்து இத்தனை மேற்கோள் இருக்கிறதே என்று அவருக்கு ஒரு சந்தேகம். யாரும் கேள்விப்படாத நூலாக வேறு இருக்கிறது. தாளை மூடி வைத்துவிட்டு, இந்த நூலை எழுதியவர் யார், சொல்லுங்கள் என்று கேட்டார்.

எழுதுவது ஒன்று, சொல்லுவது வேறு. டீச்சர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பேராசிரியர் என்னைப் பார்த்தார். நானே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் டீச்சர் சொல்லிவிட்டார். இனிஷியலோடு முழுப் பெயரையும், கடைசிப் பெஞ்சுக்குக் கேட்கிற வகுப்புக் குரலில்.

வெளியே பெஞ்சு கிறீச்சிட்டது. அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு வந்து நின்று, கூப்பிட்டீகளா என்று கேட்டார். யாரும் கூப்பிடவில்லையே என்றேன். உள்ளேயிருந்து தன் பெயரைச் சொன்ன மாதிரி இருந்தது என்றார்.

"நாந்தான் சொன்னேன்," என்றார் டீச்சர், திரும்பிப் பார்க்காமல். பிறகு பேராசிரியரிடம், "இவுகதான் சார் நூலாசிரியர். அஞ்சாம் பகுதி மட்டும் நான் சொன்னது," என்றார்.

பேராசிரியர் எழுந்து அவரை வணங்கி உள்ளே வந்து உட்காரச் சொன்னார். அவர் வரவுமில்லை, பெஞ்சுக்குத் திரும்பிப் போகவுமில்லை. தேர்வு முடிகிறவரை வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். கால் வலித்திருக்குமே, உட்கார்ந்திருக்கலாமே என்று பிறகு கேட்டேன். அந்தக் குரலில் என் பெயரைக் கேட்டதே இல்லை, அதனால்தான் யார் கூப்பிடுகிறார்கள் என்று தெரியாமல் எழுந்து வந்துவிட்டேன் என்றார். டீச்சர் பக்கத்தில் இல்லை என்பதைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"இன்னொரு தடவை சொல்லுவாளோன்னு நின்னேன் மேடம்."